கட்டைவிரல் எங்கே? பேஸ் கிட்டாரின் எழுதப்படாத வரலாறு

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். திருவானைக்காவல்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். ஒரு மெல்லிசைக் குழுவுல பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பிச்சிருக்கார். கேள்வி இதுதான்: "அண்ணா, வலது கை கட்டைவிரலை எங்க வைக்கணும்? கிளாஸ்ல பிக்கப் மேல ஊன்றிக்கோங்கறாங்க. யூடியூப்ல மிதக்க விடுங்கறாங்க. எங்க குழுவுல எனக்கு முன்னாடி வாசிச்ச அண்ணன் கட்டைவிரலாலயே வாசிப்பாராம். எது சரி?"

"மூணும் சரி"ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாம். ஆனா தேட ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சது, இந்த மூணு பதிலும் மூணு வெவ்வேறு காலத்துலேருந்து வந்திருக்கு. ஒவ்வொண்ணும் அந்தந்தக் காலத்துல இருந்த ஒரு பிரச்சினைக்குத் தீர்வு. பிரச்சினையை மறந்துட்டுத் தீர்வை மட்டும் விதியா சொல்லிக்கொடுக்கிறோம். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். பழைய கோடுல ஒரு வரி இருக்கும், ஏன் இருக்குன்னு யாருக்கும் தெரியாது, எடுக்கவும் பயம். கட்டைவிரலும் அப்படித்தான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆரம்பிப்போம்

பேஸ் கிட்டாருக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஏற்கனவே இருக்கிற இரண்டு வாத்தியங்களைப் பார்த்துடலாம். வீணை, தம்புரா.

ஸ்ரீரங்கத்துல வைகுண்ட ஏகாதசி இராப்பத்து நாட்கள்ல, ராத்திரி நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்துலேருந்து மூலஸ்தானம் திரும்புறப்போ வீணை வாத்தியத்தோட போவார். அவ்வளவு பெரிய கூட்டம், அவ்வளவு பெரிய கோயில். அந்த இடத்துல எழும்புற ஒலி வீணையோடது. தவிலோ பறையோ இல்லை.

அந்த வீணையில வலது கை என்ன செய்யுதுன்னு பாருங்க. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம்னு வாசிக்கிற தந்தி நாலு. அதை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மீட்டும். பக்கத்துல தாளத்துக்கு மூணு தந்தி. அது சுண்டுவிரலோட வேலை. கை குடத்தோட விளிம்புல தாங்கி நிற்கும். ஏழு தந்தி இருக்கு, ஆனா கட்டைவிரலுக்கு மீட்டுற வேலை ஒண்ணுகூட இல்லை.

தம்புராவுல கட்டைவிரலுக்கு ஒரு வேலை இருக்கு. தம்புராவை நிமிர்த்திப் பிடிச்சு சுருதி போடுறவங்க கையைக் கவனிங்க. பஞ்சமத் தந்தியை நடுவிரல் மீட்டும், அடுத்த மூணு ஷட்ஜத் தந்தியையும் ஆட்காட்டி விரல் மீட்டும். கட்டைவிரல் தண்டியோட பக்கவாட்டுல சாய்ஞ்சு நிற்கும். அது நங்கூரம். அது நகராம இருக்கிறதாலதான் மத்த இரண்டு விரலும் கண்ணை மூடிக்கிட்டுகூட சரியான தந்தியைத் தேடிப் போகும். வடக்கே சிதார்லயும் இதே ஏற்பாடுதான். அங்க கட்டைவிரல் தண்டியும் குடமும் சேர்ற இடத்துல ஊன்றி நிற்கும், மிஸ்ராப் போட்ட ஆட்காட்டி விரல் மீட்டும்.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். தம்புராவுல ஒரு தந்தி ஒலிக்கும்போது மத்த தந்தியும் சேர்ந்து அதிரணும். அதுக்காகத்தான் குதிரை மேல ஜீவா நூலை வெச்சு, மயிரிழை அளவுக்கு நகர்த்திப் பார்த்து, ரீங்காரம் வர வைக்கிறாங்க. நாலு தந்தியும் ஒரே ஆதார சுருதியைச் சேர்ந்தது. எது எப்ப ஒலிச்சாலும் தப்பில்லை, ஒலிச்சாத்தான் அழகு. அதனால அங்க கட்டைவிரல் யாரையும் அடக்க வேண்டியதில்லை. சும்மா தாங்கி நின்னா போதும்.

கல்லிலும் இல்லை, தாளிலும் இல்லை

திருச்சியிலேருந்து தெற்கே போனா புதுக்கோட்டை மாவட்டத்துல குடுமியான்மலை. அங்க பாறையில ஒரு இசைக் கல்வெட்டு இருக்கு. ஏழாம், எட்டாம் நூற்றாண்டு வாக்குல வெட்டினதுன்னு சொல்றாங்க. ஸ்வரங்களை வரிசை வரிசையா, ர, ரி, ரு, ரெ மாதிரி உயிர்க்குறிகளை மாத்தி மாத்திச் செதுக்கியிருக்காங்க. குடுமியான்மலையிலயும் திருமயத்துலயும் 'பரிவாதினி'ங்கிற பேரும் கல்லுல இருக்கு. அது ஏழு தந்தி வீணை வகை ஒண்ணோட பேர்.

யோசிச்சுப் பாருங்க. ஸ்வரம் கல்லுல ஏறியிருக்கு. வாத்தியத்தோட பேர் கல்லுல ஏறியிருக்கு. அந்த வாத்தியத்தை மீட்டின கை எப்படி இருந்தது, கட்டைவிரல் எங்க இருந்தது? அது ஏறலை.

அப்படியே 1970-களின் கடைசிக்கு வாங்க. சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்ல இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா ஸ்டாஃப் நோட்டேஷன்ல எழுதிக் கொடுக்கிறார். வயலினுக்கு ஒரு தாள், புல்லாங்குழலுக்கு ஒரு தாள், பேஸ் கிட்டாருக்கு ஒரு தாள். அவர் பாடல்கள்ல பேஸ் வாசிச்ச சசிதரன் கைக்கு வந்த தாள்ல எந்த ஸ்வரம், எத்தனை நேரம், எங்க மௌனம் எல்லாம் இருக்கும். கட்டைவிரல் எங்கன்னு இருக்காது. உலகத்துல எந்த பேஸ் நோட்டேஷன்லயும் பொதுவா இருக்காது. கல்வெட்டுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவுல 1,200 வருஷத்துக்கு மேல இருக்கு, ஆனா இரண்டுலயும் விடுபட்டது ஒண்ணேதான்: கை.

அப்போ கட்டைவிரலோட வரலாற்றை எங்க தேடுறது? வாத்தியத்தோட உடம்புல தேடலாம். திருகாணி ஓட்டையில, தேய்ஞ்ச பெயிண்ட்ல.

ஃபெண்டர் போட்ட திருகாணி

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்டன்ங்கிற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். கணக்கியல் படிச்சவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர்தான் 1951-ல 'பிரிசிஷன் பேஸ்'ங்கிற மின் கிட்டாரைக் கொண்டு வந்தார். அதுக்கு முன்னாடி, 1936 வாக்குலயே சியாட்டில்ல பால் டட்மார்க் ஒரு மின்சார பேஸ் செஞ்சிருந்தார், ஆனா பரவலை. பரவினது ஃபெண்டரோடது.

அதுவரைக்கும் பேஸ்னா ஆள் உயர டபுள் பேஸ். வண்டியில ஏத்துறதே பெரும்பாடு. டிரம்ஸும் மின் கிட்டாரும் சேர்ந்த மேடையில அதோட சத்தம் கேட்காது. மெட்டு கிடையாது, சுருதி விரல் நுனியில. ஃபெண்டர் அதைத் தோள்ல மாட்டுற அளவுக்குச் சுருக்கி, தந்தி நீளத்தை 34 அங்குலமாக்கி, மெட்டு வெச்சார். ஸ்வரம் துல்லியமா விழும், அதனால 'பிரிசிஷன்'.

இப்போ கதைக்கு வர்றேன். அந்த பேஸ்ல மெல்லிசான தந்திக்குக் கீழே, அதாவது மாட்டி நிற்கும்போது தரைப்பக்கமா, ஒரு சின்னக் கட்டை திருகியிருந்தது. விரல் தாங்கி. நாலு விரலையும் அதுல கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டு, கட்டைவிரலால மேலேருந்து கீழ தந்தியைத் தட்டி வாசிக்கணும்னு ஏற்பாடு. ஆக, தொழிற்சாலை கட்டைவிரலுக்குக் கொடுத்த முதல் வேலை மீட்டுறது. தம்பி சொன்ன அந்த அண்ணன், கட்டைவிரலால வாசிச்சவர், உண்மையில மூலத் திட்டப்படி வாசிச்சவர்!

ஆனா வாங்கினவங்கள்ல நிறையப் பேர் டபுள் பேஸ் பழகின கை. டபுள் பேஸ்ல ஜாஸ் வாசிக்கிறவங்க கட்டைவிரலை விரல் பலகையோட விளிம்புல ஊன்றி, ஆட்காட்டி விரலாலயும் நடுவிரலாலயும் இழுப்பாங்க. நம்ம தம்புரா கை மாதிரியே. அந்தக் கை புது வாத்தியத்துக்கு வந்தப்போ ஊன்ற இடம் தேடுச்சு. கிடைச்சது பிக்கப்போட விளிம்பு, இல்லேன்னா அது மேல இருந்த உலோக மூடி. கீழ இருந்த தாங்கியைப் பல பேர் தொடவே இல்லை.

கம்பெனி அதைப் புரிஞ்சுக்க 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1970-களின் நடுவுலதான் ஃபெண்டர் அந்தக் கட்டையைக் கீழ்ப்பக்கத்துலேருந்து மேல்ப்பக்கத்துக்கு, தடித்த தந்திக்கு மேல மாத்தினாங்க. அதே கட்டை, இடம்தான் வேற. விரல் தாங்கி கட்டைவிரல் தாங்கி ஆயிடுச்சு. பழைய பேஸையும் அதுக்கப்புறம் வந்த பேஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, அந்தத் திருகாணி ஓட்டை இருக்கிற இடமே போதும். யார் யாருக்குக் கத்துக்கொடுத்தாங்கன்னு அது சொல்லிடும். எஞ்சினியர் படம் போட்டார். கை அதைத் திருத்திடுச்சு.

ஒரு விரல், ஒரு அடி

அந்த 20 வருஷத்துல நடந்த இரண்டு விஷயத்தைச் சொல்லணும்.

முதலாவது, டெட்ராய்ட் மோடவுன் ஸ்டூடியோவுல ஜேம்ஸ் ஜேமர்சன். டபுள் பேஸ்லேருந்து வந்தவர். 1962-ஆம் வருஷ பிரிசிஷன் பேஸ், தடிமனான ஃபிளாட்வௌண்ட் தந்தி, குதிரைப் பக்கத்துல அதிர்வை அடக்க ஃபோம். ஆட்காட்டி விரல் ஒண்ணால மட்டும்தான் மீட்டுவார். அந்த விரலுக்கு 'கொக்கி'ன்னே பேர். நாம இன்னைக்குக் கேக்குற பேஸ் வரிகள்ல பாதி அந்த ஒரு விரலோட வாரிசுகள்னு சொன்னா பெரிய மிகை இல்லை. பல வருஷம் ரெக்கார்ட் உறையில அவர் பேரே வரலை. 1971-ல மார்வின் கேயோட ஆல்பத்துலதான் வந்தது. 1983-ல அவர் இறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த பேஸ் திருடு போயிடுச்சு. அந்த விரல் இருபது வருஷமா எங்க தேய்ச்சதுங்கிறதுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த மரம். அதுவும் போச்சு.

இரண்டாவது, லேரி கிரஹாம். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் அம்மா டெல் கிரஹாமோட சேர்ந்து கிளப்புல வாசிச்சவர். ஆர்கன் பழுதாச்சுன்னு ஒரு பேஸை வாடகைக்கு எடுத்தார். அப்புறம் குழுவுல டிரம்மர் இல்லாமப் போனப்போ, அந்தக் குறையைக் கையாலயே நிரப்பினார். கட்டைவிரலால தந்தியை அடிச்சா கீழ உதைக்கிற கிக் டிரம். விரலால இழுத்து விட்டா ஸ்னேர். 'ஸ்லாப்'னு இன்னைக்குச் சொல்றது இதுதான். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்ல 1969 கடைசியில வந்த 'தேங்க் யூ' பாட்டுல அதை உலகமே கேட்டுச்சு. வேலையில்லாம ஊன்றி நின்ன கட்டைவிரல் டிரம்மர் ஆயிடுச்சு. பின்னாடி விக்டர் வூட்டன் கட்டைவிரலைக் கீழ அடிச்சு, திரும்ப மேல வரும்போதும் மீட்டினார், பிக் பிடிச்ச மாதிரி. நம்ம நாட்டுல ரஹ்மானோட மேடையில மோஹினி டே வாசிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இந்த வம்சாவளி தெரியும்.

கட்டைவிரல் காவல்காரன் ஆன கதை

இப்போ 'மிதக்கும் கட்டைவிரல்' எங்கேருந்து வந்தது? இங்கதான் முன்னாடி மனசுல வெச்சுக்கச் சொன்ன தம்புரா திரும்ப வருது.

ஒரு சின்னச் சோதனை. கையில நாலு தந்தி பேஸ் இருந்தா செஞ்சு பாருங்க. கட்டைவிரலை பிக்கப் மேல வெச்சுக்கோங்க. ஏ தந்தியில இரண்டாவது மெட்டு, பி ஸ்வரம், நல்லா பலமா வாசிங்க. இடது கை விரல் எதுவும் மேல இருக்கிற ஈ தந்தியைத் தொடக் கூடாது. இப்போ ஏ தந்தியை மட்டும் அடக்குங்க. ஏதோ ஒண்ணு இன்னும் மெல்லிசா பாடிக்கிட்டு இருக்கும். நீங்க தொடவே தொடாத ஈ தந்தி அது.

காரணம் எளிய கணக்கு. ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ், அதோட மூணு மடங்கு 123.6. நீங்க வாசிச்ச பி 61.7 ஹெர்ட்ஸ், அதோட இரண்டு மடங்கு 123.5 வாக்குல. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல சந்திக்குது. பி பேசுறப்போ ஈ கூடவே தலையாட்டுது.

தம்புராவுல இது வரம். பேஸ்ல இது தொல்லை. ஏன்னா கச்சேரியில ஆதார ஷட்ஜம் இரண்டு மணி நேரமும் மாறாது. பேஸ் வாசிக்கிற பாட்டுல கார்டு மாத்திரைக்கு மாத்திரை மாறும். போன கார்டோட மிச்சம் அடுத்த கார்டுல ஒலிச்சா சேறு மாதிரி குழம்பும். இளையராஜா பாட்டுல பேஸ் வரி அடிமட்டத்துல தூண் மாதிரி சும்மா நிற்காது. பாடுறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டே நடக்கும். அந்த நடை தெளிவா விழணும்னா, ஒலிக்கிற ஸ்வரம் எவ்வளவு முக்கியமோ, ஒலிக்காம இருக்கிற தந்தியும் அவ்வளவு முக்கியம்.

ஆரம்பக் காலத்துல இது பெரிசா தெரியலை. ஃபெண்டர் பேஸோட குதிரை மூடிக்குள்ளயே ஒரு ஃபோம் பட்டை இருக்கும். எல்லா தந்தியும் சீக்கிரமே அடங்கிடும். பின்னாடி பளபளன்னு ஒலிக்கிற ரௌண்ட்வௌண்ட் தந்தி வந்தது. ஃபோமைக் கழட்டிப் போட்டாங்க. ஆம்ப்ளிஃபயரும் ஸ்டூடியோ மைக்கும் சின்னச் சத்தத்தையும் பிடிச்சது. 1975-ல ஆண்டனி ஜாக்சனுக்காக கார்ல் தாம்ஸன் ஆறு தந்தி பேஸ் செஞ்சார். அப்புறம் ஐந்து தந்தி சாதாரணமாச்சு. கீழ பி தந்தி, 31 ஹெர்ட்ஸ் வாக்குல, யாரும் தொடாமலே உறுமும். அடக்க வேண்டிய தந்தி நாலாச்சு, சில சமயம் ஐந்தும் ஆச்சு.

யார் அடக்குறது? இடது கைக்கு வேலை அதிகம். வலது கையில இரண்டு விரல் மீட்டுது. சும்மா இருந்தது கட்டைவிரல். அதுவே காவல்காரன் ஆச்சு. ஏ தந்தி வாசிக்கும்போது ஈ மேல உட்காரும். டி, ஜி-க்குப் போனா அதுவும் கீழ இறங்கி வரும். ஒரே இடத்துல ஊன்றாம, தந்திகள் மேலயே பக்கவாட்டுல படிஞ்சு, கூடவே நகர்ந்து வந்தா அதுக்குப் பேர் மிதக்கும் கட்டைவிரல்.

அப்போ தம்பிக்கு என்ன பதில்?

உங்க வாத்தியம், உங்க பாட்டு, அதுல எந்த தந்தி அமைதியா இருக்கணும்? அதைக் கேட்டுட்டு கட்டைவிரலை வைங்க.

நாலு தந்தி, எளிய பாட்டு, ஈ தந்தியிலயே அதிக நேரம் இருக்கீங்கன்னா பிக்கப் மேல ஊன்றுறது தாராளமா போதும். டி, ஜி தந்திக்கு அடிக்கடி போறீங்கன்னா கட்டைவிரலை ஈ தந்திக்கு இறக்குங்க. ஐந்து தந்தின்னா மிதக்கப் பழகுறது நல்லது. பழைய பாட்டுல அந்த உருண்டையான, சட்டுன்னு அடங்குற ஒலி வேணுமா? உள்ளங்கை ஓரத்தைக் குதிரைப் பக்கம் லேசா வெச்சு, அந்த அண்ணன் மாதிரி கட்டைவிரலாலயே வாசிங்க.

இன்னும் இரண்டு விஷயம். கட்டைவிரல் நிற்கிற இடம்தான் மத்த விரல் மீட்டுற இடத்தை முடிவு பண்ணுது. குதிரை பக்கம் போனா ஒலி கூர்மையாகும், கழுத்துப் பக்கம் வந்தா உருண்டையாகும். அதனால ஆம்ப்ல டோன் குமிழைத் திருகுறதுக்கு முன்னாடி கட்டைவிரலை இரண்டு அங்குலம் நகர்த்திப் பாருங்க. அப்புறம், ஊன்றுறதுன்னா அழுத்துறது இல்லை. கட்டைவிரலை இறுக்கி, மணிக்கட்டை ரொம்ப மடக்கி மணிக்கணக்குல வாசிச்சா வலி வரும். வலி வந்தா நிறுத்துங்க. 'பழகப் பழகச் சரியாயிடும்'னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, தொடர்ந்து இருந்தா டாக்டரைப் பாருங்க. எந்தப் பள்ளியோட விதியும் உங்க மணிக்கட்டை விடப் பெரிசில்லை.

கடைசியா ஒரு வேண்டுகோள்

ரஹ்மான் தன் கேசட், சிடி உறைகள்ல வாத்தியக்காரர்கள் பேரை அச்சிட்டார். கீத் பீட்டர்ஸ் மாதிரியான பேஸ் கலைஞர்கள் பேர் நமக்குத் தெரிஞ்சதுல அந்த உறைகளுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆனா திருச்சி, ஸ்ரீரங்கம், லால்குடி, துறையூர்னு திருவிழா மேடையிலயும் கல்யாண வரவேற்புலயும் சர்ச் குவயர்லயும் 30, 40 வருஷம் பேஸ் வாசிச்சவங்களுக்கு உறையே கிடையாது. அவங்கள்ல பல பேர் கேசட் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டவங்க. கேசட்டுல கை தெரியாது. அதனால ஒவ்வொருத்தரும் கட்டைவிரலுக்குத் தானே ஒரு இடம் கண்டுபிடிச்சிருப்பாங்க. அது எங்கயும் எழுதலை.

உங்க தெருவுல, உங்க குழுவுல அப்படி ஒருத்தர் இருந்தா, அவர் சம்மதத்தோட ஐந்து நிமிஷம் வீடியோ எடுங்க. முகம் வேண்டாம், கை போதும். மேலேருந்து ஒண்ணு, குதிரைப் பக்கத்துலேருந்து ஒண்ணு. மூணு கேள்வி கேளுங்க: கட்டைவிரலை ஏன் அங்க வைக்கிறீங்க, யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டீங்க, எப்பவாவது மாத்தினீங்களா? அவரோட பேஸ்ல பெயிண்ட் தேய்ஞ்ச இடத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

அடுத்த எபிசோடுல இடது கைக்குப் போவோம்: மெழுகுல பதிச்ச வீணை மெட்டுக்கும் கிட்டாரோட உலோக மெட்டுக்கும் என்ன வித்தியாசம், மெட்டே இல்லாத பேஸை ஏன் சில பேர் தேடிப் போறாங்க? கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.